வெள்ளை பீச் பழம் முடிவதற்குள்

புதுச்சேரி,
ஆடி 5

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து போட்டுக்கொண்டிருக்கிறாள். அக்கா வீட்டு விஷயத்தை அவளே உனக்குச் சொல்வாள்.

நீ பேசி மூன்று ஞாயிறு ஆகிவிட்டது. வேலை அதிகமாக இருக்கும். கடைசியாகப் பேசியபோது, நான் கப்பலில் போட்ட பீச் பழ காக்டெய்ல் பெல்லினியைப் பற்றி ஒன்று கேட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "அப்பா, அந்த பெல்லினியை ஒயின் இல்லாமல் போட முடியுமா, நன்றாக வருமா?" யாருக்கு, வீட்டில் விருந்தா என்று கேட்டேன். சும்மாதான் என்றாய். பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். பின்னால் பஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை. சரி, அது இருக்கட்டும்.

அன்றைக்கு நான் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. "ஜூஸில் சோடா ஊற்றிக்கொள்" என்று சொல்லிவிட்டேன். 21 வருஷம் கப்பல் பாரில் நின்றவன் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அதிலிருந்து எனக்குத் தூக்கமே சரியில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய். கடிதம் என்றால் மேஜையில் கிடக்கும், தோன்றும்போது எடுத்துப் படிக்கலாம்.

முதலில் அசலைச் சொல்கிறேன். எதை எடுத்தால் எது குறையும் என்று அப்போதுதான் புரியும். வெனிஸில் ஹாரிஸ் பார் என்று ஒன்று, ஜுசெப்பே சிப்ரியானி என்பவர் 1931இல் திறந்தது. பெல்லினியை முதலில் போட்டவர் அவர்தான், 1948இல் என்கிறார்கள். பழைய வெனிஸ் ஓவியர் பெல்லினியின் படத்தில் ஒரு இளஞ்சிவப்பு இருக்குமாம், கிளாஸில் அதே நிறம் வந்ததால் அந்தப் பெயர். வெள்ளை பீச் பழத்தின் கூழ் ஒரு பங்கு, புரோசெக்கோ என்கிற நுரைக்கும் இத்தாலிய ஒயின் இரண்டு பங்கு, அவ்வளவுதான் சாமான். ஆரம்பத்தில் பழம் வரும் கோடை மாதங்களில் மட்டும்தான் கொடுத்தார்கள். கப்பல் வெனிஸில் நின்ற ஒரு மதியம் நான் அங்கே போய்ப் பார்த்திருக்கிறேன். சின்ன அறை. கிளாஸும் சின்னது, காம்பு கிடையாது, நம் காபி டம்ளர் மாதிரி நேராக இருந்தது. ஒன்று வாங்கி முக்கால் மணி நேரம் வைத்துக் குடித்தேன். ஒரு கிளாஸ் விலைக்கு வீட்டுக்கு என்ன வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே குடித்தது இன்னும் நினைவில் இருக்கிறது.

பிரான்ஸில் உனக்குப் பழத்துக்குக் குறைவில்லை. ரோன் பள்ளத்தாக்குப் பழம் நீ இருக்கிற லியோனுக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. போன வருஷம் சோன் நதிக்கரைச் சந்தையில் நின்று எனக்குப் போட்டோ அனுப்பினாயே, அந்த செயின்ட் அந்துவான் கரையிலேயே கிடைக்கும். வெள்ளையாகப் பார்த்து வாங்கு. மஞ்சளில் புளிப்பு அதிகம், வாசனை கம்மி. அழுத்திப் பார்க்காதே, காம்புப் பக்கம் முகர்ந்து பார். வாசனை வரவில்லை என்றால் ஃபிரிட்ஜில் வைக்காமல் இரண்டு நாள் வெளியே கிடக்கட்டும்.

மூன்று பழம் எடுத்தால் ஐந்து கிளாஸுக்கு வரும். கொதிக்கிற தண்ணீரில் அரை நிமிஷம், உடனே ஐஸ் தண்ணீரில். தோல் கையோடு வந்துவிடும். மிக்சியில் அடிக்காதே. எல்லோரும் செய்கிற தப்பு அது. காற்று ஏறிக்கொள்ளும், மேலே சோடா விட்டவுடன் நுரை பொங்கி மேஜையெல்லாம் வழியும். சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்து இறக்கு. அந்த இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் ராஸ்ப்பெரி இரண்டை அதோடு சேர்த்துத் தேய். எலுமிச்சைச் சாறு உடனே விட வேண்டும், இல்லையென்றால் நறுக்கிவைத்த வாழைக்காய் மாதிரி கறுத்துவிடும். ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.

இனி நீ கேட்ட விஷயம்.

ஒயினை எடுத்துவிட்டுச் சோடாவை ஊற்றினால் ஏன் நன்றாக இருப்பதில்லை? ஒயின் கொடுப்பது போதை மட்டுமில்லை. புளிப்பு கொடுக்கிறது, நாக்கை லேசாக உலர்த்துகிறது, தொண்டையில் ஒரு சூடு கொடுக்கிறது. அந்தக் காரம் இருப்பதால்தான் ஆள் சிப் சிப்பாகக் குடிக்கிறான். அதெல்லாம் போனால் பழத்தின் இனிப்பு மட்டும் தனியாக நிற்கும், இரண்டு மடக்கில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் கை சும்மா இருக்கும். கை சும்மா இருப்பதுதான் தொல்லை. ஆகவே எடுத்தது ஒவ்வொன்றுக்கும் ஈடாக ஒன்று வைக்க வேண்டும்.

மூன்று நாளாக இங்கே அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். வெள்ளை பீச்சுக்கு எங்கே போவது? கடைசி நீலம் மாம்பழம் பெரிய மார்க்கெட்டில் இன்னும் வருகிறது, அதைத் தண்ணீர் விட்டு இளக்கிப் போட்டுப் பார்த்தேன். அம்மாதான் குடித்துப் பார்த்தாள். முதல் கிளாஸுக்கு "ஜூஸ்" என்றாள். இரண்டாவதில் இஞ்சி அதிகமாகிவிட்டது, "கஷாயம்" என்றாள். மூன்றாவதைப் பாதியில் வைத்துவிட்டாள். நான்காவதை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனவள் கால் மணி நேரம் திரும்பி வரவில்லை. எட்டிப் பார்த்தேன். தெருவைப் பார்த்து உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அந்த நான்காவதின் அளவை எழுதுகிறேன், குறித்துக்கொள்.

பழக்கூழ் 50 மில்லி. பால், சர்க்கரை போடாத டீ, நல்ல கடுமையாக, ஆறவைத்துக் குளிரவைத்தது 40 மில்லி. எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன். இஞ்சிச் சாறு நாலே சொட்டு, ஐந்தாவது விழுந்தால் கஷாயம்தான். உப்பு ஒரு சிட்டிகையிலும் பாதி. இதையெல்லாம் கலந்துவிட்டுக் கடைசியில் சோடா 60 மில்லி, கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஓரமாக இறக்கு. நீளக் கரண்டியை அடிவரை விட்டு ஒரே தடவை தூக்கு. ஷேக்கரைத் தொடாதே, காஸ் உள்ளது குலுக்கினால் வெடிக்கும், உனக்கே தெரியும். சோடா என்றால் வெறும் காஸ் தண்ணீர். அங்கே லிமோனாத் என்று விற்பது சர்க்கரை போட்டது, வேண்டாம்.

ஆல்கஹால் எடுத்த ஒயின் என்று பாட்டிலில் வருகிறதே, அதை விடலாமா என்று கேட்பாய். லேபிளைப் பார். 0.0 என்று போட்டிருந்தால் சரி. ஆல்கஹால் நீக்கியது என்று மட்டும் இருந்தால் 0.5 சதவீதம் வரை இருக்கலாம், சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது. மருமகளுக்காக என்றால் அதுவும் வேண்டாம். உங்கள் ஊர் ஒயின் பாட்டிலிலேயே கர்ப்பிணிப் படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்திருப்பார்கள், பார்த்திருப்பாய். அப்படி ஒரு சந்தோஷச் செய்தி என்றால் அம்மாவிடம் முதலில் சொல். வேறு யாருக்காக என்றாலும் அதே லேபிளைப் பார். வாசனை ஒயின் வாசனைதான், அது சில பேருக்கு ஆகாது. டீ போதும். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

கப்பலில் ஒரு பயணி வந்தார். ஐம்பது வயது இருக்கும். முதல் நாள் சாயங்காலம் ஒயின் இல்லாத பெல்லினி கேட்டார். நான் குழந்தைகளுக்கு வைத்திருந்த உயரமான பிளாஸ்டிக் டம்ளரில் ஜூஸை ஊற்றி, ஸ்ட்ராவும் காகிதக் குடையும் செருகிக் கொடுத்தேன். அவர் டம்ளரைப் பார்த்தார், பக்கத்தில் எல்லோர் கையிலும் இருந்த கிளாஸைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் வந்து மெதுவான குரலில், "எல்லோருக்கும் கொடுக்கும் கிளாஸிலேயே கொடுக்க முடியுமா?" என்றார். அப்படியே கொடுத்தேன். ஏழு ராத்திரியும் வந்தார். இறங்குவதற்கு முந்தின நாள் பாக்கெட்டிலிருந்து வட்டமான ஒரு வில்லையை எடுத்துக் காட்டினார், நடுவில் ரோமன் எண். கேசினோ காசு என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். குடியை நிறுத்தி எத்தனை வருஷம் என்பதற்குக் கொடுக்கும் வில்லை அது என்று எனக்குத் தெரியவே பல வருஷம் ஆனது. அந்த மனிதருக்கு முதல் நாள் பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தவன் நான்.

நீ படித்து, யார் தயவும் இல்லாமல் அந்த ஊரில் வேலை வாங்கினாய். இந்தத் தெருவில் நான் தலை நிமிர்ந்து நடப்பது உன்னால்தான். பிரெஞ்சு தேசிய தின ஊர்வலத்தில் விளக்கோடு போன சொல்தா வீட்டுத் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான் என்றேன். மூன்று வாரமாக எனக்கே தெரியாத விஷயத்தை அவருக்குச் சொன்னேன். அம்மாவின் ஆபரேஷன் அன்றைக்காவது நீ கூப்பிட்டிருக்கலாம் தம்பி. கட்டைப் பிரிக்கும்போது உன் பெயரைத்தான் சொன்னாள்.

பொங்கலுக்கு வந்து நீ போன பிறகு மாடி அறையைப் பெருக்கினேன். டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் இருந்ததை எடுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது. உன்னிடம் ஏன் அப்போதே கேட்கவில்லை என்றால், நான் கேட்டால் நீ என்னைத் திருப்பிக் கேட்பாய் என்ற பயம். கேட்க உனக்கு உரிமை உண்டு.

1999 கடைசியில் லீவில் வந்திருந்தேன். உனக்கு ஒன்பது வயது. மொட்டை மாடியில் மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். உன் கையில் ஷேக்கரைக் கொடுத்தேன். அது உன் முகத்தைவிடப் பெரிதாக இருந்தது, இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாய். எல்லோரும் கை தட்டினார்கள். ஷேக்கரில் மிஞ்சியதைச் சின்ன கிளாஸில் விட்டு, ஒரு செர்ரியைப் போட்டு உனக்கு நீட்டியது நான். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாய். "இன்னொரு வாய், பார்மேன் பிள்ளைடா நீ" என்றேன். குடித்தாய். வடைத் தட்டோடு மாடிப்படி ஏறி வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு, தட்டைக் கீழே வைத்துவிட்டு இறங்கிப் போனாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவளுக்குப் பழக்கமில்லாத விஷயம், அதனால் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அடுத்த லீவில் நீயே வந்து கேட்டாய். நானும் கொடுத்தேன். பன்னிரண்டு வயதில் ஒரு பெக் எவ்வளவு என்று கண்ணாலேயே அளந்து ஊற்றுவாய், அதைக் கப்பலில் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னவன் நான். அம்மா அன்றைக்குப் பயந்தது சரி. இத்தனை வருஷத்தில் அவளிடம் இதைச் சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில் எழுதுகிறேன். தப்பு என்னுடையது தம்பி.

எழுத வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். வெள்ளை பீச் செப்டம்பரோடு தீர்ந்துவிடும். கடைசியில் பெஷ் த வீஞ்ஞ் என்று உள்ளே ரத்தச் சிவப்பாக இருக்கும் பீச் உங்கள் ஊர்ப்பக்கம் வரும், அதற்கு ராஸ்ப்பெரி தேவையில்லை. அது முடிந்தால் மாதுளை. பனிக்காலத்துக்கு மாண்டரின் ஆரஞ்சு. வசந்தத்தில் ஸ்ட்ராபெரி. பாரில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் உண்டு, ஸ்ட்ராபெரி போட்டால் ரோசினி, மாதுளை போட்டால் டின்டொரெட்டோ, மாண்டரின் போட்டால் புச்சினி. எல்லாமே இந்த டீ, இஞ்சி, உப்புக் கணக்கிலேயே வரும். மாதுளைக்கு மட்டும் டீயைக் குறைத்துக்கொள், அதில் துவர்ப்பு ஏற்கெனவே இருக்கிறது. ஒவ்வொன்று வரும்போதும் எனக்குச் சொல், அளவு சொல்கிறேன்.

வெறும் வயிற்றோடு இருக்காதே. ராத்திரி தாமதமானாலும் கொஞ்சம் சாதமாவது சாப்பிடு. சாயங்காலம் ஆறிலிருந்து எட்டு வரை வீட்டில் தனியாக உட்காராதே, நட, சந்தைக்குப் போ, யாரையாவது கூப்பிடு. என்னைக் கூப்பிடலாம். உனக்கு ஆறு மணி என்றால் எனக்கு ஒன்பதரை, விழித்துத்தான் இருப்பேன். நடுராத்திரி ஆனாலும் கூப்பிடு. போனை இப்போது அம்மா பக்கத்தில் வைப்பதில்லை, என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா

பி.கு.: பாட்டில் வாங்கினால் லேபிளைப் பார், 0.0. அப்புறம், உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த ஆறு கிளாஸும் அட்டைப்பெட்டியிலேயே இருப்பதாக மருமகள் ஒரு தடவை சொன்னாள். அதில் ஒன்றை எடுத்துக் கழுவி, இதை அதில் ஊற்று.