வாசல் வரை வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

சென்னை மாநகராட்சியின் இராயபுரம் மண்டலத்தில் கொரோனா காலத்தில் பணியாற்றிய தூய்மைப் பணியாளர்கள், வீடு வீடாகக் காய்ச்சல் கணக்கெடுத்தவர்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்கள், ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள், ஆய்வக நுட்புநர்கள், 108 ஊர்தி ஓட்டுநர்கள், ரேஷன் கடை ஊழியர்கள், மயான ஊழியர்கள் அனைவருக்கும் இராயபுரத்தில் வாழும் எங்கள் தெரு மக்களின் பணிவான வணக்கம்.

உலகச் சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது. அதன் பிறகு அந்த நாட்களைப் பற்றிப் பேசுவதே குறைந்துவிட்டது. பேச்சு குறைந்தாலும் பட்ட கடன் அப்படியேதான் இருக்கிறது. ஆகவே எங்கள் தெருவில் நாங்கள் கண்ணால் கண்டதையும், இந்த மாநில அரசு அந்த நோயை எதிர்கொண்ட விதத்தில் நாங்கள் அறிந்துகொண்டதையும் எழுத்தில் வைத்து, உரியவர்களுக்கு நன்றி சொல்ல விரும்புகிறோம்.

தமிழ்நாட்டில் முதல் தொற்று 2020 மார்ச் 7 அன்று உறுதியானது. ஏப்ரல் இறுதிக்கும் மே மாதத்துக்கும் இடையில் சென்னையின் பதினைந்து மண்டலங்களில் இராயபுரம் எண்ணிக்கையில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. "வீட்டிலேயே தனி அறையில் இருங்கள்" என்ற அறிவுரை எங்களுக்கு எப்படிப் பொருந்தும்? ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுத்தெழும் வீடுகளும், பல குடும்பங்களுக்குப் பொதுவான கழிப்பறையும், லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் வரிசையும் உள்ள தெரு இது. நாளிதழ்களில் எங்கள் பகுதியின் பெயர் நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. வேறு பகுதிகளில் வேலை பார்த்தவர்கள், இராயபுரத்திலிருந்து வருகிறோம் என்று சொல்லவே தயங்கினார்கள். உறவினர்கூட எட்டிப் பார்க்கத் தயங்கிய அந்த வாரங்களில் எங்கள் வாசலுக்கு நாள் தவறாமல் வந்தவர்கள் நீங்கள்தாம்.

முதலில், காய்ச்சல் கணக்கெடுப்புக்கு வந்த பெண்களே, உங்களைச் சொல்ல வேண்டும். உங்களில் பலர் எங்களைப் போன்ற தெருக்களிலிருந்தே தற்காலிக வேலைக்கு வந்தவர்கள். கையில் வெப்பமானியும் ஒரு நோட்டும் மட்டும் வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் மாடிப்படி ஏறி இறங்கி, "யாருக்காவது காய்ச்சல், சளி, இருமல் இருக்காம்மா?" என்று கேட்டீர்கள். மறுநாளும் வந்து அதையே கேட்டீர்கள். எந்த வீட்டில் சர்க்கரை நோயாளி இருக்கிறார், எந்த வீட்டில் டயாலிசிஸ் செய்துகொள்பவர் இருக்கிறார், எந்த வீட்டில் கர்ப்பிணி இருக்கிறார் என்பதெல்லாம் உங்கள் நோட்டில் இருந்தது. எங்கள் தெருவில் பல முதியவர்கள் உயிரோடு இருப்பதற்கு அந்த நோட்டுகளும் ஒரு காரணம் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம். கடுமையாகப் பேசிய வீடுகளிலும் நீங்கள் குரலை உயர்த்தியதில்லை.

அடுத்து வந்தது காய்ச்சல் முகாம். 2020 மே மாதம் தொடங்கி, சென்னை முழுவதும் நாள்தோறும் நூற்றுக்கணக்கான இடங்களில் நடந்த அந்த முகாம்களே நகரின் போக்கை மாற்றின என்பது எங்கள் எண்ணம். நோயாளி மருத்துவமனையைத் தேடி அலைவதற்கு மாறாக, மருத்துவர் தெருமுனைக்கு வந்து மேசை போட்டு உட்கார்ந்தார். ஆக்சிஜன் அளவு பார்த்து, மாத்திரையும் கபசுரக் குடிநீரும் கொடுத்து, சந்தேகம் இருந்தால் அங்கேயே சளி மாதிரி எடுத்து அனுப்பினார்கள். கிண்டி கிங் நிலையத்தில் தொடங்கிய பரிசோதனை வசதி மாநிலம் முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வகங்களாகப் பெருகியது. பல மாநிலங்கள் உடனடி முடிவு தரும் ஆன்டிஜென் பரிசோதனைக்கு மாறியபோதும் தமிழ்நாடு, கூடுதல் நேரம் எடுத்தாலும் தொற்றைத் துல்லியமாகக் கண்டறியும் ஆர்டி-பிசிஆர் ஆய்வகப் பரிசோதனையையே கைக்கொண்டது. அதனால் அன்றாடத் தொற்று எண்ணிக்கை கூடுதலாகத் தெரிந்து விமர்சனம் எழுந்தது என்றாலும், கணக்கு கூடுவதற்கு அஞ்சாமல் நோயைத் தேடிக் கண்டுபிடிப்பதே முக்கியம் என்று முடிவெடுத்தவர்களுக்கு எங்கள் நன்றி. பரிசோதனை எவ்வளவு செய்தாலும் கண்ணில் படாத தொற்று ஏராளம் என்பதும் பின்னர் தெரிந்தது. 2020 ஜூலையில் சென்னையில் 12,000-க்கும் மேற்பட்டோரிடம் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகளில் 21.5 விழுக்காட்டினருக்கு எதிர்ப்புப் பொருள் உருவாகியிருந்தது. நகரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரை நோய் அதற்குள் தொட்டுவிட்டிருந்தது என்று பொருள்.

அரசு எடுத்த எல்லா முடிவும் சரியாக அமைந்தது என்று நாங்கள் எழுதினால், அது நன்றியாகாது, முகத்துதியாகிவிடும். கோயம்பேடு சந்தையை 2020 மே 5 அன்று மூடியது காலந்தாழ்ந்த செயல். அங்கிருந்து ஊர் திரும்பியவர்களோடு தொற்று கடலூர், அரியலூர், விழுப்புரம் மாவட்டங்கள் வரை சென்றது. ஆனால் தவறு தெரிந்ததும் திருமழிசைக்குச் சந்தையை மாற்றி, போனவர்களை ஊர் ஊராகத் தேடிப் பரிசோதித்ததையும் பார்த்தோம். அடுத்த ஆண்டு ரெம்டெசிவிர் மருந்துக்காகக் கீழ்ப்பாக்கத்தில் மக்கள் இரவெல்லாம் வரிசையில் நின்றபோது, விற்பனையை நேரு விளையாட்டரங்குக்கு மாற்றினார்கள். அங்கும் கூட்டம் குறையாததால் நேர் விற்பனையையே நிறுத்திவிட்டு, மருத்துவமனைகளின் வழியாகவே மருந்தை வழங்க ஏற்பாடு செய்தார்கள். நேற்று எடுத்த முடிவு இன்று உதவவில்லை என்றால் அதை மாற்றத் தயங்காத அதிகாரிகளும் எங்கள் நன்றிக்கு உரியவர்கள்.

ரேஷன் கடை ஊழியர்களை அந்த நாட்களில் பாராட்டியவர்கள் குறைவு. 2020 ஏப்ரலில் அரிசி அட்டைதாரர்களுக்கு 1,000 ரூபாயும், விலையில்லா அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரையும் வழங்கப்பட்டன. 2021 மே 7 அன்று பொறுப்பேற்ற அரசு முதல் நாளிலேயே 4,000 ரூபாய் நிவாரணத்துக்குக் கையெழுத்திட்டு, இரண்டு தவணைகளாக வழங்கியது. கூட்டம் சேராமல் இருக்க வீடு வீடாக டோக்கன் கொடுத்து, நாளும் நேரமும் குறித்து வரவழைத்தவர்கள் நீங்கள். வேலையற்ற சுமைதூக்குபவர்களும் மீன் விற்கும் பெண்களும் நிறைந்த எங்கள் தெருவில் அடுப்பு அணையாமல் இருந்ததற்கு அந்தப் பையும் பணமும் அம்மா உணவகத்தின் இட்லியும் சாம்பார் சாதமுமே காரணம்.

இரண்டாம் அலை எங்களை மிகவும் வருத்தியது. 2021 மே 21 அன்று மாநிலத்தில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று பதிவானது. ஆக்சிஜன் படுக்கை கிடைக்குமா என்று இரவு பகலாகத் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டிருந்த குடும்பங்கள் எங்கள் தெருவிலும் இருந்தன. தேனாம்பேட்டையில் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த கட்டளை மையத்தில் அமர்ந்து, எந்த மருத்துவமனையில் எந்தப் படுக்கை காலியாக உள்ளது என்று தேடித் தேடிச் சொன்ன முகம் தெரியாத இளைஞர்களே, உங்களில் ஒருவர் நள்ளிரவில், "அம்மா, போனை வைக்காதீங்க, நான் பார்த்துச் சொல்றேன்" என்று சொன்னது எங்களில் ஒரு குடும்பத்துக்கு இன்றும் நினைவிருக்கிறது. கார்களையே அவசர ஊர்திகளாக மாற்றி ஓட்டிய ஓட்டுநர்களுக்கும் எங்கள் நன்றி. மே 14 அன்று மேற்கு வங்கத்தின் துர்காப்பூரிலிருந்து 80 டன் ஆக்சிஜனோடு தமிழ்நாட்டுக்கான முதல் ஆக்சிஜன் ரயில் வந்து நின்ற இடம் எங்களுக்கு அருகிலுள்ள தண்டையார்பேட்டை. அந்தச் செய்தி பரவியபோது எங்கள் தெருவில் பலர் கைகூப்பி நின்றார்கள். அந்த ரயிலை ஏற்றியவர்கள், ஓட்டியவர்கள், இறக்கியவர்கள் எல்லோரையும் இந்த மடலில் சேர்த்துக்கொள்கிறோம்.

ஸ்டான்லி மருத்துவமனைக்கு நாங்கள் எப்படி நன்றி சொல்வது? வடசென்னையில் பிள்ளைப்பேற்றுக்கும் விபத்துக்கும் காய்ச்சலுக்கும் தலைமுறை தலைமுறையாக நாங்கள் போகும் இடம் அது. எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் பெரியவர் மூச்சுத் திணறலோடு அங்கே சேர்க்கப்பட்டபோது, உடன் இருக்க யாருக்கும் அனுமதியில்லை. கவச உடைக்குள் வியர்வையில் நனைந்தபடி, அவருக்குக் கஞ்சி ஊட்டி, குப்புறப் படுக்கவைத்து, மாலையில் தன் சொந்தக் கைப்பேசியில் மகளுக்கு அழைத்து முகத்தைக் காட்டிய செவிலியரின் பெயர்கூட அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. கண்களை மட்டுமே பார்த்தோம் என்கிறார்கள். பெரியவர் நடந்தே வீடு திரும்பினார். திரும்பாதவர்களும் உண்டு. தமிழ்நாட்டில் இந்நோய்க்குப் பலியான 38,000-க்கும் மேற்பட்டோரில் எங்கள் தெருவினரும் இருக்கிறார்கள். அவர்களுடைய கடைசி நேரத்தில் அருகில் இருந்தவர்கள் நீங்கள் மட்டுமே. பெற்ற பிள்ளைகள் நிற்க வேண்டிய இடத்தில் நின்றீர்கள். இதற்கு ஈடாகச் சொல்ல எங்களிடம் சொல் இல்லை.

மயான ஊழியர்களுக்கும், உடல்களை முறைப்படி அடக்கம் செய்த தொண்டர்களுக்கும் தனியாக ஒரு சொல். 2020 ஏப்ரலில் இதே நகரில், நோயாளிகளிடமிருந்து தொற்று பெற்று இறந்ததாகக் கருதப்பட்ட ஒரு மருத்துவரின் உடலைப் புதைக்கவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. அடக்கத்தைத் தடுப்பவர்களுக்கு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க வழிசெய்து அரசு உடனே அவசரச் சட்டம் கொண்டுவந்தது. சட்டம் வந்தாலும், அச்சம் நிறைந்த அந்த நாட்களில் உடலைத் தூக்கக் கை வேண்டும் அல்லவா? சாதியும் மதமும் கேளாமல் அந்தக் கையைக் கொடுத்தவர்கள் நீங்கள்.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறோம். தொடக்கத்தில் தயங்கிய தெரு இது. 2021 செப்டம்பர் 12 அன்று மாநிலம் முழுவதும் நடந்த முதல் பெருமுகாமில் ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்ட தவணைகள் போடப்பட்டன. எங்கள் பகுதிப் பள்ளி வளாகத்தில் நடந்த முகாமுக்கு, நடக்க முடியாதவர்களைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனவர்கள், முந்தைய ஆண்டு வெப்பமானியோடு வந்த அதே பெண்கள்.

இத்தனையும் ஓரிரு மாதங்களில் முளைத்தவை அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் பொதுச் சுகாதாரத்துக்கென்று தனி இயக்ககம் நூறாண்டுகளாக இருக்கிறது. 1939-இலேயே இங்கே பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்து அனுப்பும் முறையை உருவாக்கியிருந்தது. 2021 மே மாதத்தில், அலை உச்சத்தை நெருங்கிய நேரத்தில், ஆட்சி மாறியது. சுகாதாரத் துறைச் செயலர் ஜெ. ராதாகிருஷ்ணனும் பொதுச் சுகாதார இயக்குநர் செல்வவிநாயகமும் அதே பொறுப்பில் தொடர்ந்தார்கள். முந்தைய அரசுக்கும் பின்வந்த அரசுக்கும் சேர்த்தே நன்றி சொல்கிறோம். நோய் இல்லாத ஆண்டுகளில் யாரும் கவனிக்காத இந்த அமைப்புகளைக் கலைக்காமல் காத்து வந்த எல்லோருக்கும் இதில் பங்குண்டு.

இந்த மடலை இப்போது எழுதக் காரணம் ஒன்று உண்டு. 2021-இல் அரசு மருத்துவர்களுக்கு 30,000, செவிலியர்களுக்கு 20,000, மற்றப் பணியாளர்களுக்கு 15,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது. அதை நாங்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றோம். ஆனால் கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட செவிலியர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையின் வாயிலில் நாட்கணக்கில் வெயிலிலும் மழையிலும் அமர்ந்திருந்து, நள்ளிரவில் அகற்றப்பட்டவர்களில் எங்களுக்குத் தெரிந்த முகங்கள் இருந்தன. ஊரே கதவடைத்திருந்தபோது, தகரம் அடிக்கப்பட்ட வீடுகளின் குப்பையை கையுறை மட்டுமே பாதுகாப்பாக அள்ளியவர்கள் அவர்கள். அதன்பின் அரசு அவர்களுக்குக் காலை உணவு உள்ளிட்ட நலத்திட்டங்களை அறிவித்தது. அவை நல்லவையே. எனினும் அவர்கள் கேட்டது பணிப் பாதுகாப்பு. உயிரைப் பணயம் வைத்த காலத்தில் "முன்களப் பணியாளர்" என்று அழைத்தவர்களை, நோய் தணிந்ததும் ஒப்பந்தக் கூலிகளாக நடத்துவது எங்கள் மனத்துக்கு ஒப்பவில்லை. அந்தப் பணிகளை நிலையானவையாக ஆக்கித் தர வேண்டும் என்று மாநில அரசையும் மாநகராட்சியையும் இந்த நன்றியோடு சேர்த்தே கேட்டுக்கொள்கிறோம்.

இம்மடலின் படிகளை மண்டல அலுவலகத்திலும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலும், ஸ்டான்லி மருத்துவமனை முதல்வர் அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும் நேரில் கொடுக்கிறோம். அந்நாட்களில் எங்கள் தெருவில் வேலை செய்து, இப்போது வேறிடத்தில் இருப்பவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒருமுறை வந்து போக வேண்டும். உங்கள் பெயர்களை நாங்கள் தெரிந்துகொள்ள விரும்புகிறோம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
தெரு மக்கள் சார்பில்,
இராயபுரம், சென்னை