மருமகளுக்கு என்ன வாங்கி வரலாம் என்று கேட்ட தம்பிக்கு

அன்புத் தம்பிக்கு,

நேற்று ராத்திரி வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய லேப்டாப் படங்களைப் பார்த்தேன். "பாப்பாவுக்குக் கணக்கும் கம்ப்யூட்டரும்தானே உயிர், தை பிறந்தால் 15 வயசு, பெரிசா ஏதாவது செய்யணும், இதையே வாங்கிடவா அக்கா?" என்று கேட்டிருந்தாய். உடனே பதில் போடவில்லை என்று வருத்தப்படாதே. இரண்டு வரியில் சொல்லி முடிக்கிற விஷயமாக எனக்கு இது படவில்லை. 22 வருஷமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். இதே கேள்வியை மாமாக்களும் சித்தப்பாக்களும் என்னிடம் எத்தனையோ முறை கேட்டிருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உனக்கு எழுதுவதைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில், அந்த லேப்டாப் வேண்டாம். சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் ஓவர்டைம் பார்த்து நீ சேர்க்கிற பணம் எனக்குப் பெரிது என்பது ஒரு காரணம். இன்னொன்று, என் மகளிடம் ஏற்கெனவே லேப்டாப் இருக்கிறது. அவள் பெரியப்பா மகன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டு, பைத்தான் என்ற நிரல் மொழியில் எழுதிக்கொண்டிருக்கிறாள். பாடத்திட்டத்தில் பிளஸ் டூவில்தான் பைத்தான் வருகிறது, இவள் ஒன்பதாம் வகுப்பிலேயே அதில் கிடக்கிறாள். மெஷினில் ஒரே ஒரு குறை, ஆன் செய்துவிட்டு ஒரு டீ போட்டுக் குடித்துவிட்டு வரலாம், அவ்வளவு மெதுவாகத் திறக்கும். பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்கிற வேகமான சேமிப்பகம் ஒன்றைப் போட்டால் அது சரியாகிவிடும். இரண்டரை அங்குல சாட்டா வகை, 256 ஜிபி தாராளம். கூடவே ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் செட். ஆனால் நீ கழற்றி மாட்டிக் கொடுக்காதே. அவள் கழற்றட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடி.

போன வருஷப் பிறந்தநாளுக்கு வந்தவற்றைச் சொல்கிறேன், அப்போது நான் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும். ஒருவர் நிறையப் பணம் போட்டு ஒரு ரோபோ செட் வாங்கி வந்தார். படத்தில் காட்டியபடி எண் பார்த்துச் சொருகினால் வண்டி ஓடும். சாயங்காலத்துக்குள் ஓட்டிவிட்டாள். மறுநாள் காலை, "இதில் இனி நான் செய்ய ஒன்றும் இல்லையேம்மா" என்றாள். அது இப்போது பரணில் இருக்கிறது. தப்பான பொருள் என்று சொல்லமாட்டேன். ஆனால் யோசிக்க வேண்டியதையெல்லாம் செய்தவர்களே யோசித்து முடித்திருந்தார்கள், அவளுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை.

இன்னொரு உறவினர், நல்ல மனதோடுதான், நுழைவுத் தேர்வு கைடு நாலு வால்யூம் கொடுத்தார். "இப்பவே ஆரம்பிச்சாத்தான் உண்டு" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். பாப்பா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். அந்த முகத்தை நான் பார்த்தேன் தம்பி. அவளாக ஆசைப்பட்டுச் செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிடுங்கி, மற்றவர்களுக்காகச் செய்ய வேண்டிய வேலையாக மாற்றிக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் கணக்கு நோட்டைத் தொடவில்லை.

கைடே கெட்டது என்று சொல்ல வரவில்லை. நம் கும்பகோணத்திலேயே அதற்கு எதிரான கதை இருக்கிறது. சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போயிருந்தேன். 1903-இல், அவருக்குச் சரியாக இவள் வயது இருந்தபோது, அரசுக் கல்லூரி நூலகத்துப் புத்தகம் ஒன்று நண்பர் மூலமாக அவர் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்ற ஆங்கிலேயர் தொகுத்தது. கிட்டத்தட்ட 5000 முடிவுகள், பெரும்பாலானவற்றுக்கு நிரூபணம் கிடையாது, இருந்தாலும் ஒரு வரி இரண்டு வரிக்குமேல் இருக்காது. கார் தனிப்பயிற்சி கொடுத்துப் பிழைத்தவர், அந்தப் புத்தகமும் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்காகத் தொகுக்கப்பட்டதுதான். ஆனால் இதைப் படித்து இத்தனை மார்க் வாங்கு என்று ராமானுஜனிடம் யாரும் சொல்லவில்லை. நிரூபணம் இல்லாத இடத்திலெல்லாம் அவரே உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். காகிதம் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடி போட்டார். இத்தனைக்கும் அது பரிசுகூட இல்லை, இரவல்!

ஆகையால் நான் உன்னிடம் முதலில் கேட்பது காகிதம். சிரிக்காதே. அங்கே பிராஸ் பசா காம்ப்ளெக்ஸ் பக்கம் போனால் பாப்புலர் புத்தகக் கடையில் புள்ளி போட்ட நோட்டுகள் கிடைக்கும். கோடு இருக்காது, கட்டம் இருக்காது, பக்கம் முழுக்க நேர்ப்புள்ளி மட்டும். நல்ல கனமான தாளாகப் பார்த்து ஐந்தாறு வாங்கு. அப்பா மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது வருஷக் கடைசியில் மிஞ்சும் பேரேட்டுத் தாள்களைத் தைத்து எனக்குக் கொடுப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? பள்ளி நோட்டில் தப்புப் போட்டால் டீச்சர் சிவப்பில் சுழிப்பார். அந்தப் பேரேட்டில் நான் எவ்வளவு தப்பு வேண்டுமானாலும் போடலாம், யாரும் பார்க்க மாட்டார்கள். நான் கணக்கு டீச்சரானது அந்தத் தாளில்தான்.

புள்ளி நோட்டு ஏன் என்றால், மார்கழி பிறந்ததிலிருந்து வீட்டில் நடக்கிற கதை அப்படி. தினம் விடிகாலையில் நான் கோலம் போடும்போது பாப்பா எழுந்து வந்து படியில் உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் சிக்குக் கோலம், மூன்று வரிசை, வரிசைக்கு நாலு புள்ளி. எல்லாப் புள்ளியையும் சுற்றிக்கொண்டு ஒரே கம்பியாகப் போய், தொடங்கிய இடத்துக்கே வந்துவிட்டது. மறுநாள் மூன்றுக்கு மூன்று வைத்தேன். ஒரு கம்பியில் முடியவில்லை, மூன்று தனித்தனிக் கம்பி வேண்டியிருந்தது. "ஏம்மா?" என்றாள். நான் இத்தனை வருஷமாகக் கோலம் போடுகிறேன், இத்தனை வருஷமாகக் கணக்கும் நடத்துகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

பழைய நோட்டுகளின் பின்பக்கத்திலெல்லாம் புள்ளி வைத்துப் பார்த்தாள். 2-க்கு 3 வைத்தால் ஒரு கம்பி. 2-க்கு 4 என்றால் இரண்டு. 4-க்கு 6, அதுவும் இரண்டு. 5-க்கு 7, ஒன்று. 6-க்கு 9, மூன்று. நாலாம் நாள் பள்ளிக்குக் கிளம்பும்போது ஒரு காலில் செருப்போடு நின்று, "அம்மா, மீ.பொ.வ.!" என்று கத்தினாள். ஆமாம், இரண்டு எண்ணின் மீப்பெரு பொது வகுத்தி எதுவோ அத்தனை கம்பி. கம்பி புள்ளிகளுக்கு இடையில் சாய்வாகப் போய், ஓரத்தில் பட்டுத் திரும்பி, மறுபடி சாய்வாகப் போகிறது, கேரம் பலகையில் காய் பட்டுத் திரும்புகிற மாதிரி. அந்த ஓட்டம் எத்தனை தடவைக்கு ஒருமுறை தொடங்கிய இடத்துக்கு வரும் என்பதில்தான் மீ.பொ.வ. ஒளிந்திருக்கிறது. அப்புறம் பைத்தானில் டர்ட்டில் என்று ஒன்று இருக்கிறதே, திரையில் ஆமை நடந்து கோடு போடுமே, அதில் எழுதி எல்லா அளவுக்கும் வரைய வைத்தாள். அவள் முதல் ஆள் இல்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி மொழி இலக்கணத்தோடு சேர்த்து 1974-லேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். இதை அவளிடம் சொன்னபோது, "நம்ம வாசலைப் பத்தியா?" என்று கண்ணை விரித்தாள்.

அடுத்து, உன்னால் மட்டும் வாங்க முடிந்தது. சிம் லிம் டவருக்குப் போ. எலக்ட்ரானிக் சாமான் கடைகள் அங்கே உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ராஸ்பெர்ரி பை பிக்கோ என்று விரல் நீளத்தில் ஒரு குட்டிக் கணினிப் பலகை கிடைக்கும். 2021-இல் வந்தபோது 4 அமெரிக்க டாலர்தான் அதன் விலை, தொலைந்தாலும் எரிந்தாலும் மனசு பதறாது. யூஎஸ்பி வயரால் லேப்டாப்பில் சொருகி, அவளுக்குத் தெரிந்த பைத்தானிலேயே எழுதலாம். திரைக்குள்ளேயே இருந்த நிரல் வெளியே வந்து ஒரு விளக்கை ஏற்றும். பலகையின் இரண்டு பக்கமும் இருபது இருபதாகத் துளை இருக்கும், அவற்றில் முள் பற்றவைத்தும் விற்கிறார்கள், வைக்காமலும் விற்கிறார்கள். பற்றவைக்காததை வாங்கு, அவளே பற்றவைக்கட்டும். மூன்று வாங்கு, ஒன்றிரண்டு வீணாகட்டும். எல்இடி, ரெசிஸ்டர், ப்ரெட்போர்டு, ஜம்பர் வயர் எல்லாம் உன் இஷ்டம். சால்டரிங் அயர்னையும் ஈயத்தையும் கைப்பையில் வைக்காமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடு.

அதோடு ஒரு மல்டிமீட்டர். விலை உயர்ந்தது வேண்டாம், கன்டினியூட்டி, அதாவது இணைப்பு அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற சோதனை இருக்கிற ஒன்று போதும். அது எதற்கு என்று சொல்கிறேன்.

"எனக்கு ஒன்பதாவதோட கணக்கு நின்னுபோச்சு, நான் அவளுக்கு என்ன சொல்லித்தர முடியும், பொருளாவது வாங்கித் தர்றேன்" என்று போனில் சொன்னாய். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்தது. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு மைக் செட்காரரோடு நீ போவாய், பதினாறு பதினேழு வயது இருக்கும். நீளமான சீரியல் செட் ஒன்று எரியவில்லை. 64 பல்பு, ஒன்று போனாலும் எல்லாம் அணைந்துவிடும். மற்ற பையன்கள் முதல் பல்பிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டிப் பார்த்தார்கள். நீ மட்டும் நேராக நடுவில் போய்ச் சோதித்தாய். இந்தப் பாதி நல்லது, அந்தப் பாதியில்தான் கோளாறு. அப்புறம் அந்தப் பாதியின் நடுவில். 64, 32, 16, 8, 4, 2. ஆறே சோதனையில் போன பல்பு உன் கையில் இருந்தது. ஐடிஐயில் எலக்ட்ரீசியன் சேருவதற்கு முன்னாலேயே உனக்கு அது தெரியும்.

போன மாதம் பாப்பா ஆயிரம் பெயர் கொண்ட பட்டியலில் ஒரு பெயரைத் தேட நிரல் எழுதினாள். அகர வரிசையில் இருப்பதால் நடுவில் பார்த்து, பாதியைத் தள்ளி, மறுபடி நடுவில் பார்ப்பது. பத்துத் தடவைக்குள் கிடைத்துவிடும். பைனரி சர்ச் என்று அதற்குப் பெயர். அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. "இதை உன் மாமா கோவில் பந்தலில் செய்திருக்கிறான்" என்றேன். நம்பவில்லை. பரணில் நம் பழைய சீரியல் செட் இன்னும் இருக்கிறது, எரியாமல். பிளக்கில் சொருகாமல், மல்டிமீட்டரோடு நீயும் அவளும் தரையில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடியுங்கள். எத்தனை சோதனையில் வந்தது என்று எனக்குச் சொல்லுங்கள்.

ரூபிக் க்யூப் வேண்டாம், மூன்று இருக்கிறது. ஸ்மார்ட் வாட்ச் வேண்டாம். பையில் இடம் இருந்தால் பாட்டிக்குத் தைலம் எடுத்து வா. இங்கே நான் ஆசாரியிடம் ஆடுபுலி ஆட்டப் பலகை ஒன்று சொல்லியிருக்கிறேன், 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. அது பாப்பாவுக்கு அவள் அப்பாவும் நானும் தரும் பரிசு. உனக்கு நன்றாக ஆட வரும், அவளைத் தோற்கடி, விட்டுக் கொடுக்காதே. தோற்றால் அதற்கும் நிரல் எழுத உட்கார்ந்துவிடுவாள். திரும்பிப் போகும்போது சென்னை வழியாகப் போவதாக இருந்தால் அவளையும் கூட்டிப் போய் எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கிற ரிச்சி தெருவில் ஒரு பகல் சுற்றிக் காட்டு. நான் வந்து அழைத்துக்கொள்கிறேன்.

திருச்சிக்கு எந்த விமானம் என்று சொல், அவள் அப்பா வருவார். இன்னொன்று, நீ வருகிறாய் என்றதும் பாப்பா ஒரு கேள்வியைத் தயாராக வைத்திருக்கிறாள். 5-க்கு 7 புள்ளி வைத்து, நடுவில் இருக்கிற ஒரே ஒரு புள்ளியை மட்டும் எடுத்துவிட்டால் எத்தனை கம்பி வரும், அதற்கும் ஒரு விதி இருக்கிறதா? மூன்று நாளாக நானும் போட்டுப் பார்க்கிறேன், எந்தப் புள்ளியை எடுத்தால் என்ன ஆகும் என்று விதி பிடிபடவில்லை. வாசலில் பாதிக் கோலம் கிடக்கிறது. மாமா வரும்வரை அதன்மேல் தண்ணீர் தெளிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த கோலத்தை நான் தெருவோரமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா