சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நடந்தவற்றைப் பேரவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

சித்திரைத் திருநாள், சுதந்திர தினக் கொடியேற்றம், பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் ஆகியவை வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் மழையால் ஒருமுறை தள்ளிப்போய், பிறகு நடந்தது. மறைந்த உறுப்பினர்களின் குடும்பங்களுக்குச் சங்கத்தின் அனுதாபங்கள்.

அடுத்து, பழைய அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்கள் போன வழியைப் பிள்ளைகள் வரைந்து பார்க்கும் ஞாயிற்றுக்கிழமை வரைபட வகுப்பு. "தாராவிப் பிள்ளைகளுக்கு அமெரிக்காக்காரனின் திமிங்கல வேட்டை எதற்கு? அந்த நேரத்தில் கணக்கு டியூஷன் வைக்கலாமே?" என்று செயற்குழுவில் கேட்டார்கள். அன்று பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

இந்த வகுப்பே கணக்கு வகுப்புதான். பத்தொன்பதாம் நூற்றாண்டு வேட்டைக் கப்பல்களில் தினமும் குறிப்பேடு எழுதினார்கள். காற்றின் திசை, அட்சரேகை, தீர்க்கரேகை, கண்ணில் பட்ட திமிங்கலம் எல்லாம் அதில் இருக்கும். திமிங்கலம் பிடிபட்டால் முழு உருவத்தையும், தப்பிவிட்டால் வாலை மட்டும் முத்திரை குத்தியவர்களும் உண்டு. இப்படிப்பட்ட குறிப்பேடுகள் பல இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சார்ட் பேப்பரில் கட்டம் போட்டு, அந்த எண்களைப் புள்ளியாக வைத்து, புள்ளிகளைச் சேர்த்தால் கப்பல் போன வழி கண்முன் வந்துவிடும்.

1841 செப்டம்பரில் அமெரிக்காவின் நியூ பெட்போர்டிலிருந்து கிளம்பிய 'சார்லஸ் டபிள்யூ. மார்கன்' கப்பலில் தொடங்கினோம். அது தென் அமெரிக்காவின் தென்கோடியான ஹார்ன் முனையைச் சுற்றிப் பசிபிக் கடலுக்குப் போய், 1845 ஜனவரி 1 அன்று ஊர் திரும்பியது. கிளம்பிய துறைமுகம் வடக்கே 41 பாகை (டிகிரி) 38 கலை, மேற்கே 70 பாகை 55 கலை. பிள்ளைகள் முதலில் 41.38 என்று குறித்தார்கள். ஒரு பாகைக்கு 60 கலை என்பதால் அது 41.63 ஆக வேண்டும். மேற்கைக் கிழக்கு என்று எடுத்துக்கொண்ட ஒரு மாணவியின் கப்பல் மத்திய ஆசிய மலைகளுக்கு நடுவே நின்றது. அதற்கப்புறம் மேற்கு, தெற்கு என்றால் கழித்தல் குறி போட வேண்டும் என்பதை யாரும் மறக்கவில்லை. டியூஷனில் மாதக்கணக்கில் சொல்லியும் ஏறாத குறை எண்கள் இங்கே ஒரே காலையில் ஏறின.

சித்திரை முதல் நாள் மொட்டை மாடியில் கம்பு நட்டு நிழலை அளந்தோம். நிழல் மிகவும் குறுகியது, அதாவது சூரியன் உச்சிக்கு வந்தது, 12 மணிக்கு அல்ல, 12.40ஐ ஒட்டி. இந்திய நேரம் காட்டும் நம் கடிகாரம் கிழக்கே 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு வைத்தது, மும்பையோ ஏறத்தாழ 72 பாகை 50 கலையில் இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் 39 நிமிடத் தாமதம் வருகிறது. கடலில் மாலுமி தீர்க்கரேகை கண்டுபிடித்ததும் இதே நேரக் கணக்கை வைத்துத்தான்.

பிள்ளைகளை அதிகம் யோசிக்க வைத்தது 'எசெக்ஸ்' என்ற இன்னொரு அமெரிக்க வேட்டைக் கப்பல். 1820 நவம்பர் 20 அன்று, நிலநடுக்கோட்டை ஒட்டி, மேற்கே 119 பாகை அருகில் ஒரு ஸ்பெர்ம் திமிங்கலம் அதை முட்டி உடைத்தது. இருபது பேர் மூன்று படகுகளில் ஏறினார்கள். வரைபடத்தில் அங்கிருந்து பசிபிக் கடலின் மார்க்கேசஸ் தீவுகள் சுமார் 2,500 கிலோமீட்டர். தென் அமெரிக்கக் கரை 4,000 கிலோமீட்டருக்கும் மேல், அதுவும் எதிர்க்காற்றில். ஆனாலும் தீவுகளில் நரமாமிசம் தின்பவர்கள் இருப்பார்கள் என்று பயந்து தூரத்துக் கரையையே தேர்ந்தெடுத்தார்கள். பிழைத்தவர்கள் எட்டுப் பேர். படகுகளில் நடந்த கொடுமையைச் சின்னப் பிள்ளைகளிடம் முழுதாகச் சொல்லவில்லை. ஸ்கேல் வைத்து அளந்து பார்த்துவிட்டு, "பக்கத்துத் தீவுக்கே போயிருக்கலாமே" என்று ஏழாம் வகுப்பு மாணவன் சொன்னான். இதைவிட நல்ல வரலாற்றுப் பாடம் எனக்குத் தெரியாது.

நம்மில் பலருக்குத் திருச்செந்தூர்ப் பக்கம் சொந்த ஊர். 2016 ஜனவரியில் அந்தக் கரையில் 80க்கும் மேற்பட்ட திமிங்கலங்கள் ஒதுங்கியது நினைவிருக்கும். அந்த இடத்தையும் பிள்ளைகள் குறித்தார்கள். உலக அளவில் வணிக வேட்டைக்கு 1986 முதல் தடை என்பதையும் அப்போது சொன்னோம்.

வகுப்புக்கு இடம் தந்தவர்கள் பாதியில் சாவியைத் திரும்பக் கேட்டதால், மீதி வகுப்புகள் என் வீட்டு மாடியில் நடந்தன. செயற்குழுக் கூட்டங்களுக்குப் பாதிப் பேர்கூட வருவதில்லை. கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) இல்லாமல் ஒத்திவைத்தவையும் உண்டு. வராதவர்கள்தான் வகுப்புச் செலவைப் பற்றி வெளியில் அதிகம் பேசுகிறார்கள். சார்ட் பேப்பர், ஸ்கேல், பிஸ்கட் தவிர வேறு செலவே இல்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழச் சமம். சிறு தொகை கையிருப்பில் உள்ளது, விவரம் பொருளாளரிடம் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்டவர்களின் சந்தா நிலுவையில் உள்ளது, சிலருக்கு மூன்றாவது ஆண்டாக.

தலைவர், துணைத்தலைவர், பந்தல், ஒலிபெருக்கி உதவி செய்தவர்கள், சமையல் பொறுப்பேற்ற மகளிர் அணி அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல்களை எடுக்க ஆசை. சான்சிபார், செய்ஷல்ஸ், இலங்கைப் பக்கமும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் வேட்டையாடியிருக்கிறார்கள். அதற்கு ஒரு பெரிய உலக வரைபடம், ஒரு பூகோள உருண்டை, மழைக்காலத்தில் ஒழுகாத ஓர் அறை, என்னோடு சேர்ந்து சொல்லிக்கொடுக்க இருவர் வேண்டும். இவை அமையாவிட்டால் வகுப்பைத் தொடர்வது கஷ்டம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ரசீதுப் புத்தகத்தோடு பொருளாளர் வாசல் பக்க மேசையில் இருப்பார், சாப்பாட்டுக்கு முன்பே அவரைப் பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
செயலாளர்