மூத்தோர் சங்கத்தின் ஆண்டறிக்கை: முதுகெலும்பு நலப் பணிகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவையினரே, உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டத்தின் முடிவுக்கு இணங்க, கோலாலம்பூர் செந்தூலில் இயங்கும் நம் சங்கம் இவ்வாண்டுப் பணிகளில் பெரும்பங்கை முதுகெலும்பு நோய்களுக்கே ஒதுக்கியது. மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. சந்தா நிலுவையைப் பொருளாளர் விளக்குவார்.

மண்டபச் சுவரில் அளவு நாடாவை ஒட்டி, காலணியைக் கழற்றி, குதிகால் சுவரைத் தொட நிற்கவைத்து உறுப்பினர்களின் உயரத்தை அளந்தோம். இளமையில் இருந்ததைவிட 4 சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முள்ளெலும்பு நசுங்கியிருக்கக்கூடும் என்பதால், எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. எலும்பு அடர்த்தி குறைந்து பலவீனமாகும் எலும்புப்புரை நோயில் இத்தகைய முறிவுகள் பல, கீழே விழாமலே, பெரிய வலியும் இல்லாமலே ஏற்பட்டுவிடுகின்றன. பழைய நைட்டியின் ஓரம் இப்போது தரையில் உரசுவதாக ஓர் அம்மையார் சொன்னதும், அவரை அன்றே கிளினிக்குக்கு அனுப்பினோம்.

செயலவையை மிகவும் கவலைக்குள்ளாக்கியது ஜாமு எனப்படும் பாரம்பரிய மூலிகை மருந்து விவகாரம்தான். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் டெக்ஸாமெத்தாசோன் என்னும் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. வலி உடனே பறந்துவிடுவதால் கைகண்ட மருந்து என்று பெயர் வாங்கும் அது, மாதக்கணக்கில் உட்கொள்ளும்போது முகத்தை உப்பவைத்து, சர்க்கரையை ஏற்றி, முள்ளெலும்புகளின் உறுதியையும் குலைத்துவிடுகிறது. எதைக் காப்பதாகச் சொல்லி விற்கிறார்களோ அதையே அரிக்கும் மருந்து இது. மருந்துகளுக்கு அரசு தரும் எம்ஏஎல் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இல்லாத எதையும், பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிட்டு வருபவர்கள் சட்டென நிறுத்துவதும் ஆபத்து. உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு அதற்குள் அடங்கிப்போயிருக்கும். ஆகவே பாட்டிலோடு மருத்துவரைப் பார்த்து, அவர் சொற்படியே குறைத்துக்கொள்ள வேண்டும்.

முதுகுவலியுடன் விடாத காய்ச்சலும் எடைக்குறைவும் சேர்ந்தால், முதுகெலும்புக் காசநோயா என்று சோதிக்க வேண்டும். பல மாத மருந்தில் அது குணமாகும். காரணம் தெரியுமுன் முதுகை மிதித்து உருவிவிடச் சொல்வதைச் செயலவை ஏற்கவில்லை. இதில் சிலருக்கு மனத்தாங்கல் உண்டு என்பதை அறிவோம்.

எலும்பு அடர்த்திச் சோதனைக்கு மருத்துவர் அனுப்பிவைக்கும் உறுப்பினர்களில் தனியாகப் போக இயலாதவர்களை வரும் ஆண்டில் நாமே அழைத்துச் செல்லலாம் எனச் செயலவை முன்மொழிகிறது. வண்டி ஓட்ட முன்வருவோர் கூட்டம் முடிந்ததும் துணைச்செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.

இவண்,
செயலாளர்