காய்ச்சல் லீவ் லெட்டர் போதுமா?

ஆசிரியருக்கு,

என் தங்கை மகள் பி.காம். மூன்றாம் ஆண்டு. 'வேலைக்குப் போன பிறகு ஒருநாள் வர முடியாவிட்டால் மேனேஜருக்கு எப்படி மெயில் போடுவாய்?' என்று கேட்டேன். 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பித்தாள். ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது! கையிலிருக்கும் வேலையை யாரிடம் ஒப்படைத்திருக்கிறேன் என்று ஒரு வரி சேர்க்கத் தோன்றவில்லை. யாரும் சொல்லித் தரவும் இல்லை.

தமிழகக் கலை அறிவியல் கல்லூரிகளில் 2020–21இல் துறைவாரியாகத் தொழில்சார் ஆங்கிலப் பாடம் வந்தது. 2022 மார்ச்சில் மாணவர்களுக்கு வேலைத்திறன் பயிற்சி தரும் அரசின் 'நான் முதல்வன்' திட்டமும் வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் அவள் வகுப்பில் 60 பேர். பேசுவது ஆசிரியர் மட்டும். தேர்விலோ மூன்று மணி நேரமும் எழுத்துதான். கரும்பலகையில் நீச்சல் பழக்குகிற கதை.

இன்டர்னல் மதிப்பெண்ணில் பாதியையாவது பேச்சுக்கு ஒதுக்கலாம். இருவர் இருவராக உட்காரட்டும்: ஒருவர் பாஸ்புக்கில் தொகை தவறென்று கோபமாக வருபவர், மற்றவர் வங்கிக் கவுன்டரில் இருப்பவர். (32 வருடம் நான் இருந்த இடம்.) 'ஒரு நிமிடம், பார்த்துச் சொல்கிறேன்' என்று பதறாமல் ஆங்கிலத்தில் சொன்னால் மதிப்பெண் கொடுங்கள். இலக்கணப் பிழையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருச்சி