விதைக்கும் முன்னே சொல்லிவிடுங்கள்

இந்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறைக்கும் வணிக அமைச்சகத்துக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நான் விருதுநகர்க்காரன். அப்பா காலத்திலிருந்தே எங்களுக்குப் பருப்பு வியாபாரம். இடையில் சில வருஷம் கிழக்கு ஆப்பிரிக்க நாடான மொசாம்பிக்கில், சாம்பேசியா மாகாணத்துக் குருவே மலையடிவாரத்தில், ஓர் ஏற்றுமதி நிறுவனத்துக்காகத் துவரைக் கொள்முதல் பார்த்தேன். அங்கே பல குடும்பங்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்தேன். அதைக் காப்பாற்றும் அதிகாரம் என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது என்பது பின்னால்தான் உறைத்தது. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

2015-இல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். வீட்டுக்கு வீடு சாம்பாரில் தண்ணீர் கூடிய வருஷம் அது. மறு வருஷம், 2016 ஜூலை 7 அன்று, பிரதமர் மொசாம்பிக் தலைநகர் மப்புட்டோ போயிருந்தபோது அந்த நாட்டுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. முதல் ஆண்டு 1 லட்சம் டன் துவரை, படிப்படியாகக் கூடி 2020-21-இல் 2 லட்சம் டன் என்பது கணக்கு. அந்த வருஷம் முதல் மழைக்கு முன்னால் நாங்கள் ஊர் ஊராகப் போனோம். "துவரையைக் கூடுதலாகப் போடுங்கள், எவ்வளவு வந்தாலும் இந்தியா வாங்கிக்கொள்ளும்" என்றோம். நானே என் வாயால் சொன்னேன்.

மொசாம்பிக்கில் துவரைக்கு ஃபெய்ஜாவ் போயர் என்று பெயர். எல்லை தாண்டி மலாவிக்குள் போனால் நந்தோலோ, தான்சானியாவில் ம்பாசி. நம் கரிசல்காட்டு மானாவாரி விவசாயியை அந்த வயலில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு எதுவும் புதிதாக இருக்காது. மக்காச்சோளத்துக்கு நடுவே ஊடுபயிராகத் துவரை. டிராக்டர் இல்லை, ஏர்மாடும் இல்லை, எல்லாம் மண்வெட்டி வேலைதான். ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று ஏக்கர் இருந்தால் அதிகம். மக்காச்சோளத்தை ஏப்ரல், மே மாதம் ஒடித்துவிடுவார்கள். துவரை அதற்குப் பிறகும் நிற்கும். ஆழத்தில் மிச்சமிருக்கிற ஈரத்தை வேரால் இழுத்துக்கொண்டு ஜூலையிலிருந்து அறுவடைக்கு வரும். உதிர்ந்த இலையும் வேர் முடிச்சும் சேர்ந்து அடுத்த மக்காச்சோளத்துக்குத் தழைச்சத்து. யூரியா வாங்கக் காசில்லாத குடும்பத்துக்கு அதைவிட்டால் வேறு உரம் இல்லை. மிளாறு அடுப்பெரிக்க ஆகும். கட்டையை விட்டு அறுத்து அடுத்த வருஷம் மறுதாம்பு எடுப்பவர்களும் உண்டு. ஹைதராபாத் பக்கம் பட்டான்செருவில் இருக்கிற இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தின் விதைகள்தான் மலாவியில் பல இடங்களில் ஓடுகின்றன. அவற்றில் ஒரு ரகத்துக்கு அந்த ஊர்ப் பெயர் 'ம்வாயிவாத்து அலிமி'. 'உழவர்களாகிய நம் அதிர்ஷ்டம்' என்று பொருள். அந்தப் பெயரைக் கேட்ட அன்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

உங்கள் கோப்புகளில் இந்தப் பயிர் 'இறக்குமதிச் சரக்கு' என்றுதான் இருக்கும். அங்கே அது என்ன வேலை செய்கிறது என்று சொல்கிறேன். மே மாதம் வீட்டுக்கு வந்த மக்காச்சோளம் டிசம்பர் வாக்கில் தீர்ந்துவிடும். புதுக் கதிர் முற்ற மார்ச் ஆகும். அந்த மூன்று நான்கு மாதம் பசி மாதம். மழை பெய்துகொண்டிருக்கும், வயலில் களையெடுக்க ஆள் வேண்டும், வீட்டிலோ களி கிண்ட மாவு இருக்காது. மூன்று வேளை இரண்டாகும், பிறகு ஒன்றாகும். ஆகஸ்ட், செப்டம்பரில் துவரை விற்ற காசை முடிந்து வைத்திருக்கிற வீடு அந்த மாதங்களில் மாவு வாங்கிச் சமாளிக்கும். 2022-23 கணக்கெடுப்பின்படி மொசாம்பிக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 குழந்தைகளில் 37 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். பசி மாதங்கள் வருஷா வருஷம் வந்து போனதன் தடம் அது.

இனி 2017-க்கு வருகிறேன். நம் நாட்டில் அந்தப் பருவம் அமோக விளைச்சல். 2015-16-இல் சுமார் 25 லட்சம் டன்னாக இருந்த துவரை உற்பத்தி, 2016-17-இல் ஏறக்குறைய 48 லட்சம் டன்னாகப் பெருகியது. குவிண்டாலுக்கு 5050 ரூபாய் ஆதரவு விலை என்று அறிவித்திருந்தும் மண்டியில் அதற்குக் கீழேதான் போனது. கர்நாடகத்துக் கலபுரகி விவசாயியும் மகாராஷ்டிரத்து லாத்தூர் விவசாயியும் தவித்தார்கள். அவர்களைக் காக்க வேண்டியது உங்கள் கடமை, அதில் எனக்கு மறுப்பில்லை. 2017 ஆகஸ்ட் 5 அன்று, துவரை இறக்குமதி ஆண்டுக்கு 2 லட்சம் டன்னுக்கு மேல் கூடாது என்று அறிவித்தீர்கள். அரசு ஒப்பந்தங்களின் கீழ் வரும் சரக்குக்கு விலக்கு உண்டு என்று அந்த அறிவிப்பிலேயே இருந்தது. ஆனால் குருவே சந்தைக்கு வந்து சேர்ந்தது ஒரே ஒரு செய்திதான்: 'இந்தியா மூடிவிட்டது.' அறுவடை பாதியில் நிற்கும் ஆகஸ்ட் மாதம். சைக்கிளில் மூட்டை கட்டிக்கொண்டு இருபது முப்பது கிலோமீட்டர் மிதித்து வந்தவர்கள் தராசு வைத்திருந்த கடைகள் மூடிக் கிடப்பதைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள். வாங்கிய ஒன்றிரண்டு கடையில் கேட்ட விலை, போன வருஷ விலையில் கால்வாசிகூட இல்லை.

அக்டோபரில் ஒரு வீட்டுக்குப் போனேன். கணவரை இழந்த அம்மா, நான்கு பிள்ளைகள். 2016 துவரைக் காசில் கூரையின் ஒரு பாதிக்குத் தகரம் போட்டிருந்தார். மறு பாதி இன்னும் புல். என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஒரு மூட்டையை அவிழ்த்து உள்ளே கை விட்டு எடுத்தார். உள்ளங்கையில் துவரையோடு மாவும் வந்தது. வண்டு விழுந்திருந்தது. தானியத்துக்குத் தானியம் ஓட்டை. முகத்தில் கோபமே இல்லை. லோம்வே மொழியில் ஏதோ கேட்டார், மூத்த பையன் போர்த்துகீசியத்தில் சொன்னான்: "உங்கள் ஊரில் இதைச் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்களா என்று அம்மா கேட்கிறார், பத்ராவ்." பத்ராவ் என்றால் முதலாளி. எங்கள் வீட்டில் துவரம்பருப்பு இல்லாத நாளே கிடையாது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? நான் வேலை பார்த்த நிறுவனம் அந்த ஊர்ப்பக்கம் அப்புறம் ஆள் அனுப்பவேயில்லை. அடுத்த மழைக்குப் பலர் துவரையைக் குறைத்துவிட்டார்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒன்பதாண்டு கழித்தாவது பதில் சொல்ல முடியுமா என்று பார்க்கிறேன். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றுமில்லை, ஒரு தேதியை மாற்றினால் போதும்.

2021 மே மாதம் இறக்குமதியைத் திறந்துவிட்டீர்கள். நன்றி. மொசாம்பிக்குடன் ஆண்டுக்கு 2 லட்சம் டன், மலாவியுடன் 50,000 டன் என்று ஐந்தாண்டு ஒப்பந்தமும் போட்டீர்கள். அதுவும் நல்லதே. ஆனால் அந்தத் திறப்பை அவ்வப்போதுதான் நீட்டித்து வருகிறீர்கள், பெரும்பாலும் மார்ச் 31 வரை என்று கெடு வைத்து. அவர்கள் விதைப்பது நவம்பர், டிசம்பரில். அறுப்பது ஜூலைக்குப் பிறகு. 2024 நவம்பரில் மண்வெட்டியைத் தூக்கியவருக்கு அன்று நடப்பில் இருந்த அறிவிப்பு 2025 மார்ச் வரைதான். அவர் பயிர் வாசலுக்கு வருவதோ ஆகஸ்டில். நீட்டிப்பு வந்தது 2025 ஜனவரியில், விதை முளைத்துச் செடியான பிறகு. இப்படி இருட்டில் விதைக்கச் சொல்வது நம் மரபல்ல. நம் விவசாயிக்குக் குறுவைக்கு முன்னால் ஆதரவு விலையை அறிவிக்கிறோமே, அதே நியாயம்தான் இதுவும்.

ஆகவே, எந்த ஆண்டு அறுவடைக்கான இறக்குமதி விதியானாலும், அதற்கு முந்தைய அக்டோபருக்குள் அறிவித்துவிடுங்கள். முடிந்தால் மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே. ஐந்தாண்டு ஒப்பந்தங்கள் 2025-26 வரைக்கும் என்றுதான் எழுதப்பட்டன. அவற்றின் தொடர்ச்சியாக எதை எழுதினாலும் இந்த வரி அதில் இருக்கட்டும்.

நம் ஊரில் விளைச்சல் கூடி விலை சரிந்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். கதவை அடைக்காமல் வரி போடுங்கள். அதையும் முன்கூட்டியே அட்டவணையாகத் தந்துவிடுங்கள். 2025-26 காரீஃப் பருவத்துக்குத் துவரை ஆதரவு விலை குவிண்டாலுக்கு 8000 ரூபாய் என்று அறிவித்தீர்கள். மண்டி விலை அதற்குக் கீழே இவ்வளவு இறங்கினால் இவ்வளவு வரி என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் கலபுரகிக்கும் பாதுகாப்பு, குருவேயிலும் யாரும் ஒரே நாளில் கடையைப் பூட்டிவிட்டுப் போக மாட்டார்கள். நம் துவரை வரத்து டிசம்பரில் தொடங்கும். ஆப்பிரிக்கச் சரக்கு தூத்துக்குடிக்கும் மும்பைக்கும் வந்து இறங்குவது ஆகஸ்டுக்குப் பிறகு, தீபாவளிக்கு முன்னால், நம் குடோன் காலியாகிற நேரத்தில். ரேஷன் கடையில் 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பு வாங்குகிற தமிழ்நாட்டு வீட்டுக்கு இந்தச் சரக்கு தேவைப்படுகிறது. நாமும் அவர்களை நம்பித்தான் இருக்கிறோம்.

ஒப்பந்த அளவில் ஒரு பங்கை நேரடியாக விவசாயச் சங்கங்களிடமிருந்து வாங்க வழி செய்யுங்கள். மலாவியில் சிறு விவசாயிகளுக்கென்று நாஸ்ஃபாம் என்ற தேசியச் சங்கம் பல ஆண்டுகளாக இயங்குகிறது. பருப்பாக உடைத்து அனுப்புவதற்கும் இடம் கொடுங்கள். எங்கள் மில்காரர்களுக்கு இது பிடிக்காது என்று தெரியும். தொலி நீக்கும்போது விழுகிற துவரம்பொட்டும் குருணையும் அங்கேயே தங்கினால் ஆட்டுக்கும் கோழிக்கும் தீவனமாகும், உடைக்கிற கூலியும் அங்கேயே நிற்கும். மலாவிக்காரர்கள் நந்தோலோவைக் களிக்குத் தொட்டுக்கொள்ள வேகவைத்து உண்கிறார்கள். சாம்பேசியாவில் நான் பார்த்த வீடுகளில் பெரும்பாலும் விற்பதற்கென்றே வளர்த்தார்கள். பருப்பாக உடைபட்டு அந்த ஊர்க் கடையிலும் கிடைத்தால் பிள்ளைகள் தட்டிலும் கொஞ்சம் விழும்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் சாம்பேசியாவின் கடற்கரை நகரமான கெலிமானேயில் கரையேறி மலாவியின் தெற்கை அடித்துப் போட்டது. மறு பருவம் எல் நினோ வறட்சி. இரண்டையும் தாங்கிக்கொண்டு அவர்கள் மறுபடியும் விதைத்தார்கள். புயலையும் வறட்சியையும் உங்களால் நிறுத்த முடியாது. டெல்லியில் ஒரு தாளில் எந்த மாதம் கையெழுத்துப் போடுவது என்பதை உங்களால் தீர்மானிக்க முடியும்.

குருவேயில் முதல் மழை நவம்பரில் விழும். அதற்கு முன்னால் அறிவிப்பு வந்துவிட்டால் அந்த ஊர்களுக்குத் தகவல் சொல்ல எனக்கு இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த மூத்த பையனின் எண்ணும் என் போனில் இருக்கிறது.

இப்படிக்கு,
விருதுநகரிலிருந்து ஒரு பருப்பு வியாபாரி