ஏற்றத்தை ரூபாயில் காட்டுகிறீர்கள், இறக்கத்தையும் ரூபாயில் காட்டுங்கள்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தலைவர் அவர்களுக்கும், மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் நிர்வாகிகளுக்கும் வணக்கம்.

மன்னார்குடியில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது, பட்டா சிட்டா எடுத்துக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. பங்குச் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லும் அளவுக்கு நான் படித்தவள் கிடையாது. ஆனால் சந்தை விழுகிற நாளில் சாதாரண ஜனங்களின் முகம் எப்படி ஆகிறது என்பதைக் கடைக்குள் இருந்து பார்க்கிறேன். அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

2025 ஏப்ரல் 7, திங்கட்கிழமை. அமெரிக்க அதிபர் ட்ரம்ப் இறக்குமதி வரியை அறிவித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. சந்தை திறந்ததுமே, பெரிய நிறுவனப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் சென்செக்ஸ் குறியீடு 3,900 புள்ளிகளுக்கு மேல் இறங்கியது. எங்கள் தெருவில் மாவு அரைத்து விற்கும் அக்கா பத்தரை மணிக்கு ஓடி வந்தார். கையில் மாவுகூட இன்னும் காயவில்லை. போனை நீட்டி, “ஏம்மா, இதைக் கொஞ்சம் திறந்து பாரேன்” என்றார். பலர் பணத்தைச் சேர்த்துப் பங்குகளில் போடுகிற மியூச்சுவல் ஃபண்டின் கணக்கு அறிக்கை. திறக்க பான் எண் கேட்டது. அட்டையைத் தேடி எடுத்து, எண்ணைப் போட்டு, அச்செடுத்துக் கொடுத்தேன். முந்தின வெள்ளிக்கிழமை கணக்குப்படி 3,18,400 ரூபாய் இருந்தது. செப்டம்பரில் அவர் போட்டது 4 லட்சம்.

அந்தத் தாளை மேசையில் வைத்து, விரலால் ஒவ்வொரு இலக்கமாகத் தொட்டு எண்ணினார். அப்புறம் மறுபடியும் முதலில் இருந்து எண்ணினார். “டெபாசிட்டுல இருந்த பணம்மா இது. ஜூலைல புள்ளையைக் காலேஜ்ல சேர்க்கணும்” என்றார். சரி, அக்கா, இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். மிச்சமும் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மூன்று மணிக்கு முன்னால் விற்கச் சொல்லிப் பதிவு செய்தார். அன்று மாலை விலைதான் கிடைக்கும், அது எவ்வளவு என்று விற்கும்போது யாருக்கும் தெரியாது. மாலையில் அவர் பணம் 3,06,000 ஆகியிருந்தது. ஓராண்டு முடியாததால் எக்ஸிட் லோடு என்று பிடிக்கும் வெளியேறும் கட்டணம் 1 சதவீதம் போக, வங்கிக்கு வந்தது 3,02,940 ரூபாய்.

அன்றைக்குத்தான் அந்த வீழ்ச்சியின் அடிமட்டம். மே மாதம் நடுவிலேயே, சென்செக்ஸ் போன்ற இன்னொரு குறியீடான நிஃப்டி 25,000-ஐத் தாண்டிவிட்டது. பொறுத்திருக்கலாமே, பதறி விற்றதுதான் தப்பு என்று இப்போது எல்லோரும் அக்காவுக்குப் புத்தி சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மூன்று மாதத்தில் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் கண்ணெதிரே கரைந்தால் எந்தத் தாய் பொறுப்பாள்? தப்பு ஏப்ரலில் நடக்கவில்லை. செப்டம்பரில், டெபாசிட் முதிர்ந்த அன்று, அந்தப் பணம் எப்போது வேண்டும் என்று கேட்காமலே ஒரு வங்கி ஊழியர் அதைச் சிறிய நிறுவனப் பங்குகளில் போடும் ஸ்மால்கேப் ஃபண்டுக்கு மாற்றிவிட்டாரே, அப்போது நடந்தது.

அந்த விண்ணப்பத்தை நகல் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். ஏப்ரலில் விற்ற மறுநாள் அக்கா மஞ்சப் பையில் இருந்து அசலை எடுத்து வந்தபோதுதான் படித்தேன். அக்காவுக்குத் தமிழ் நன்றாகப் படிக்க வரும், ஆங்கிலம் வராது. விண்ணப்பம் முழுக்க ஆங்கிலம். எங்கெங்கே கையெழுத்து போட வேண்டுமோ அங்கெல்லாம் பென்சிலில் பெருக்கல் குறி. நீல மையில் அக்காவின் கையெழுத்து. ‘அதிக ரிஸ்க் எடுக்கத் தயார்’ என்று பொருள்படும் கட்டத்தில் மட்டும் கறுப்பு மையில் டிக். அந்த டிக் அக்கா போட்டது கிடையாது.

கூடவே வண்ணத்தாள் ஒன்று இருந்தது. 10,000 ரூபாய் போட்டிருந்தால் ஓராண்டில் எவ்வளவு, மூன்றாண்டில் எவ்வளவு, ஐந்தாண்டில் எவ்வளவு என்று ரூபாய்க் கணக்கில் பளிச்சென்று அச்சடித்திருந்தார்கள். இப்படிக் காட்டுவது உங்கள் விதிப்படிதான் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். நல்ல விதிதான். சதவீதம் புரியாதவருக்கும் ரூபாய் புரியும். ஆனால் எவ்வளவு விழும் என்பதை மட்டும் ஏன் ரூபாயில் காட்டவில்லை? அதற்கு ஒரு முள் படம் போட்டிருந்தது. ஃபண்டின் அபாய அளவைக் காட்டும் ரிஸ்கோமீட்டர். முள் ‘மிக அதிகம்’ என்ற இடத்தில் நின்றது.

ஆர்வத்தில் இன்னும் சில ஃபண்டுகளின் தாளை எடுத்துப் பார்த்தேன். பெரிய நிறுவனங்களில் போடும் ஃபண்டிலும் முள் அதே இடத்தில்தான் நிற்கிறது. இதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது உங்களுக்குத் தெரியும். ஸ்மால்கேப் 100 குறியீடு 2018 ஜனவரியில் தொட்ட உச்சத்துக்குத் திரும்பி வர மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜூலையில் பணம் வேண்டியவரிடம் அதைச் சொல்லியிருந்தால் போதும். கறுப்பு மை டிக்கைக்கூட அவர் தள்ளிவிட்டு எழுந்து வந்திருப்பார்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. கையெழுத்து வாங்குவதற்கு முன்னால், வாங்குகிறவரின் தாய்மொழியில் ஒரே ஒரு பக்கம் கொடுக்க வேண்டும் என்று விதி போடுங்கள். அவர் போடும் தொகை முன்பு நடந்த மோசமான வீழ்ச்சியில் எத்தனை ரூபாயாகக் குறைந்திருக்கும், பழைய நிலைக்கு வர எத்தனை மாதம் ஆனது, இந்த இரண்டும் அதில் இருக்கட்டும். அதற்குக் கீழே, ‘இந்தப் பணம் எனக்கு எப்போது வேண்டும்’ என்று அவர் கைப்பட எழுத ஒரு கோடு.

இது கஷ்டமான கணக்கு இல்லை. நானே போட்டுப் பார்த்தேன். 2008 ஜனவரியில் சென்செக்ஸ் உச்சத்தில் இருந்தபோது 4 லட்சம் போட்டவருக்கு 2009 மார்ச்சில் கையில் இருந்திருப்பது ஏறக்குறைய 1,56,000. போட்ட நிலைக்கு அது திரும்பியது 2010 நவம்பர் தீபாவளிக்கு. இரண்டே முக்கால் வருடத்துக்கு மேல். 2020 ஜனவரி உச்சத்தில் போட்டவரின் 4 லட்சம் மார்ச் 23 அன்று ஏறக்குறைய 2,48,000. அந்த ஒரே நாளில் சென்செக்ஸ் 13 சதவீதம் விழுந்து, நடுவில் 45 நிமிடம் வர்த்தகத்தையே நிறுத்தி வைத்தார்கள். அது நவம்பரிலேயே திரும்பிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் ஒன்று புரியும்: விழுந்தது எப்போது எழும் என்று தேதி சொல்ல முடியாது. பத்து வருடம் கழித்து வேண்டிய பணத்துக்கு இது ஒரு பயமே இல்லை. அடுத்த வருடம் வேண்டிய பணம் அங்கே இருக்கவே கூடாது.

சந்தை எப்போதும் திரும்பி வந்துவிடும் என்று முகவர்கள் சாமி கும்பிடுவது போலச் சொல்கிறார்கள். ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை மறுபடி தொட்டது 2024 பிப்ரவரியில். 34 வருடம். ஒரு தலைமுறை சம்பாதித்து ஓய்வும் பெற்றுவிடும். நம் நாட்டில் அப்படி நடக்கும் என்று நான் சொல்லவில்லை. எப்போதும் என்ற வார்த்தையை ஏழைகளிடம் விற்காதீர்கள் என்கிறேன். தனி ஒரு பங்கை வைத்திருப்பவருக்கு அந்த ஆறுதலும் பொருந்தாது. குறியீட்டில் நலிந்த நிறுவனத்தை எடுத்துவிட்டு வேறொன்றைச் சேர்ப்பார்கள், அதனால் குறியீடு எழும். உங்கள் கையில் உள்ள பங்கை யாரும் மாற்றித் தர மாட்டார்கள். 2009 ஜனவரி 7 அன்று சத்யம் கணினி நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் விலையில் முக்கால்வாசிக்கு மேல் இழந்ததைப் பார்த்தவர்கள் நம்மில் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

தொலைக்காட்சிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. சந்தை சரிந்தால் திரை முழுக்கச் சிவப்பு. ‘முதலீட்டாளர்களுக்கு இத்தனை லட்சம் கோடி இழப்பு’ என்று நாள் முழுக்க ஓடுகிறது. விற்காதவருக்கு அது இன்னும் இழப்பாகவில்லை என்று ஒரு வரி போடக் கூடாதா? அக்கா அன்று காலையில் மாவு அரைத்துக்கொண்டே பார்த்தது அந்தத் திரையைத்தான். அடுத்த நாள் அதே சேனலில் ஒருவர் வந்து, வீழ்ச்சி என்பது வாங்கும் வாய்ப்பு என்கிறார். அவருக்கு மாதச் சம்பளம் வரும். தங்கம் இறங்கினால் நாமும்தான் ஒரு கிராம் வாங்கி வைக்கிறோம், எஸ்ஐபி முறையில், அதாவது மாதாமாதம் ஒரே தொகையாக, ஃபண்டில் 2,000 ரூபாய் போடுகிறவருக்கு விலை குறைந்தால் அதே பணத்துக்கு யூனிட், அதாவது ஃபண்டின் அலகு, கூடுதலாகக் கிடைக்கும் என்பதும் உண்மைதான். 50 ரூபாய் விலையில் 40 யூனிட், 40 ரூபாய் விலையில் 50 யூனிட். வருமானம் நிற்காதவர் அதைப் பிடித்துக்கொண்டே போகலாம், போகவும் வேண்டும். ஆனால் 2020-ல் ஊரடங்கில் வேலை போனவரிடம் எஸ்ஐபி-யை நிறுத்தாதே என்று எந்த முகத்தோடு சொல்வது? கையில் ஆறு மாதச் செலவுக்குத் தனியாகப் பணம் எடுத்து வைத்தவர்தான் வீழ்ச்சியில் சும்மா இருக்க முடியும். தைரியம் அந்தப் பணத்தில் இருந்து வருகிறது. இதையும் அந்த ஒரு பக்கத்தில் எழுதலாம்.

2025 ஜனவரியில் புதிதாகத் தொடங்கிய எஸ்ஐபி-களை விட நின்றுபோனவை அதிகம் என்று உங்கள் கணக்கே சொன்னது. பழைய கணக்குகளைச் சரிசெய்ததும் அதற்கு ஒரு காரணம் என்று விளக்கம் வந்தது. இருக்கட்டும். பாதியில் விட்டவர்களில் எத்தனை பேரிடம் தொடங்கும்போது வீழ்ச்சியைப் பற்றிப் பேசியிருப்பார்கள்? ‘சந்தை அபாயங்களுக்கு உட்பட்டது’ என்று விளம்பரத்தின் கடைசியில் மூச்சுவிடாமல் ஓட்டுகிற அந்த ஒரு வாக்கியத்தைப் பேசியதாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்களைப் போன்றவர்கள் சந்தைக்கு வரக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வர வேண்டும், டெபாசிட் வட்டியை மட்டும் நம்பினால் விலைவாசிக்கு ஈடு கொடுக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். நானும் மாதம் 1,000 ரூபாய் போடுகிறேன், ஏப்ரலிலும் போட்டேன். விழும் என்று தெரிந்து வருகிறவர் விழும்போது நிற்பார். தெரியாமல் அழைத்து வரப்பட்டவர் முதல் அடியிலேயே ஓடுவார், அப்புறம் ஆயுசுக்கும் திரும்பி வர மாட்டார். அக்கா இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

குறைந்துபோன பணத்துக்கு வளையலை அடகு வைத்துப் பெண்ணைக் கல்லூரியில் சேர்த்தாயிற்று. அந்தப் பணத்தை உங்களிடம் கேட்கவில்லை. ஏற்றத்தை ரூபாயில் காட்டச் சொல்கிற விதியில் இறக்கத்தையும் ரூபாயில் காட்டச் சொல்லி ஒரு வரி சேர்க்கும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். தமிழில் ஒரு பக்கம் வந்தால் போதும். எங்கள் ஊரில் அதை நகல் எடுக்க வருகிறவர்களிடம் நான் காசு வாங்க மாட்டேன். இந்தத் தடவை, கொடுப்பதற்கு முன்னால் படித்தும் காட்டுவேன்.

இப்படிக்கு,
மன்னார்குடியில் இருந்து ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி